வன்னியில் காட்டுக்கோழிகள் குறைகின்றனவா?

கேள்வி (ஒட்டுசுட்டான்):
முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய காட்டோரத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் விடியற்காலையில் ஐந்தாறு சேவல்கள் மாறி மாறிக் கூவக் கேட்ட எனக்கு, இவ்வாண்டு ஒன்றின் குரலே கேட்கிறது. கண்ணி வைப்பவர்கள்தாம் காரணமா?

பதில் (நெடுங்கேணி):
கண்ணியும் ஒரு காரணம், தம்பி. ஆனால் கோழி, மயில் முதலியன அடங்கிய பெசன்ட் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவையின் பேடு, ஒரு தடவைக்கு 2 முதல் 4 முட்டைகளையே பெரும்பாலும் தரையில் இடுவதால், அவை கீரிக்கும் உடும்புக்கும் எளிதில் இரையாகின்றன. குஞ்சுகளோ தொடக்கத்தில் கறையானையும் சிறு பூச்சிகளையும் நம்பியே வளர்கின்றன. மழை பொய்த்தால் அதுவும் குறையும். சென்ற சித்திரையில் எங்கள் வேலியோரம் ஒரு பேடு புற்றைக் கிளறிவிட்டு விலகி நின்று, தன் இரண்டு குஞ்சுகளையும் கொத்தவிட்டது. மறுவாரம் ஒரு குஞ்சுதான் உடன் வந்தது.

பதில் (மாங்குளம்):
கூவலை மட்டும் கொண்டு முடிவு கட்டாதீர்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணிக் குறித்து வாருங்கள். இலங்கையின் தேசியப் பறவையான இதனைக் கொல்வது சட்டப்படி குற்றம். வரட்சியில் தப்பிய பேட்டைக் கண்ணியில் பிடிப்பது, விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பானது என்பதே என் உறுதியான எண்ணம்.

கேட்டவர்:
நன்றி ஐயா. மாசி முதல் குறிக்கத் தொடங்குகிறேன். காட்டோரத்தில் காணும் கண்ணிகளையும் வனஜீவராசிகள் அலுவலர்களுக்கு அறிவிப்பேன்.