பள்ளிக்குப் பிறகு: மாற்றுத்திறனாளி மாணவர்களோடு நம் அனுபவங்கள்

சைகை மொழிபெயர்ப்பாளர், திருவல்லிக்கேணி:

காது கேளாத மாணவர்களுக்கென்றே பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரிகள் சென்னையில் கொஞ்சம்தான். மாநிலக் கல்லூரியில் அவர்களுக்காக பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் இருக்கின்றன. "தனி வகுப்பு என்றால் ஒதுக்கி வைப்பதுதானே?" என்று நிறையப் பேர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் ஒருநாள் இப்படியொரு வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நான் மொழிபெயர்க்கிற வகுப்பில் பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டிருக்கிறோம். ஒருவர் சைகையில் கேட்கும் கேள்வி மற்ற எல்லோருக்கும் தெரிய வேண்டுமே. போர்டில் எழுதும்போது ஆசிரியர் பேசமாட்டார். திரும்பி நின்ற பிறகுதான் விளக்கம். கணக்குப்பதிவியலில் 'தேய்மானம்' வந்தது. அதற்கு எங்களிடம் சைகை இல்லை. விரலால் எழுத்துக்கூட்டிப் பார்த்தோம், பாடம் நகரவே இல்லை. அப்புறம் ஒரு மாணவி எழுந்து, இயந்திரம் என்று காட்டிவிட்டு, விலையைக் குறிக்கும் கையைப் படிப்படியாகக் கீழே இறக்கினாள். வகுப்பு மொத்தமும் அதை ஏற்றுக்கொண்டது. அன்று பாடம் அவர்கள் கையில் இருந்தது.

அதே மாணவியோடு ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குப் போனேன். எதிரே இருந்த அதிகாரி என்னைப் பார்த்தே பேசினார்: "இவங்களுக்கு எக்செல் தெரியுமா?" காதில் விழுவதை அப்படியே சைகையில் சொல்வதுதான் என் வேலை. சொன்னேன். அவள் அவர் முகத்தைப் பார்த்து, "என்னிடமே கேளுங்கள் சார். தெரியும், கம்ப்யூட்டரைக் கொடுத்தால் செய்து காட்டுகிறேன்" என்றாள். அதை அவருக்குக் குரலில் சொன்னேன். அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு நேர்காணல் நேர்காணலாக நடந்தது.

கூட வந்தவரிடம் கேட்கிற இந்தப் பழக்கம் கல்லூரி அலுவலகம், வங்கி, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் இருக்கிறது. உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஒரு அம்மா, வேளச்சேரி:

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. அதற்கு மேல்தான் எங்களைப் போன்ற பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, சரி. பிளஸ் டூ முடிக்காத பிள்ளைக்கு அதனால் என்ன பயன்?

இப்போது ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் படிக்கிறான். சேர்க்கும்போது அங்கே இருந்த டீச்சர் என்னிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று சொல்லிவிட்டு, அவன் முன்னால் படங்களை அடுக்கினார். சமையல், ஸ்கிரீன் பிரிண்டிங், தோட்டம், கம்ப்யூட்டர். எனக்குக் கம்ப்யூட்டர் ஆசை. அவன் சமையலை எடுத்தான். மறுநாளும் வரச் சொல்லி, படங்களை இடம் மாற்றி வைத்துக் கேட்டார்கள். மறுபடியும் சமையலே. அதிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பயணத்தையும் பாடமாகவே வைத்திருக்கிறார்கள், அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். வேளச்சேரியிலிருந்து இந்திரா நகர் வரை பறக்கும் ரயில். முதலில் டீச்சர் அவன் பக்கத்து சீட்டில் வந்தார். பிறகு அதே பெட்டியில் தள்ளி உட்கார்ந்தார். பிறகு அடுத்த பெட்டி. கடைசியில் இந்திரா நகர் பிளாட்பாரத்தில் காத்திருந்தார். இப்போது அவனே சீசன் டிக்கெட்டைக் காட்டிவிட்டுப் போய் வருகிறான். கவுண்டரில் யாராவது என்னிடம், "தம்பி எங்க போறான்?" என்று கேட்டால், "இந்திரா நகர்" என்று எனக்கு முன்னாலேயே பதில் சொல்கிறான்.

முதுகலைத் தமிழ் மாணவர், பார்வை மாற்றுத்திறனாளி:

மேலே சைகை மொழிபெயர்ப்பாளர் எழுதிய நேர்காணலில் நடந்ததுதான் எனக்கும் கல்லூரிச் சேர்க்கை அன்று நடந்தது. அண்ணனிடம் என் மதிப்பெண்ணைக் கேட்டார்கள். அண்ணன், "அவன்கிட்ட கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கிடைக்கிறார், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் றகரத்துக்கு ரகரம் போடுகிறவர் வந்தால் யாப்பிலக்கண விடையே கெட்டுப்போகும். தமிழ் படித்தவராகவும் வேண்டும், அதே சமயம் என் பாடத்தை என்னைவிட அதிகம் படித்தவராக இருக்கக் கூடாது என்ற விதியும் இருக்கும். இதைத் துறைத்தலைவரிடம் நானே விளக்கினேன். இளநிலை தமிழ் மாணவர்களில் விருப்பமுள்ளவர்களின் பட்டியலைத் துறையே தயாரித்தது.

குறிப்புகள்தான் இன்னும் பெரிய தலைவலி. புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்து பி.டி.எஃப். ஆக அனுப்பினால் திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருளுக்கு அது வெறும் படம், ஒரு வரியும் படிக்காது. எங்கள் பேராசிரியர் ஒருவர் இப்போது யூனிகோடில் தட்டச்சு செய்து, வகுப்புக்கு முதல் நாளே அனுப்பிவிடுகிறார். மற்றவர்களும் செய்யலாம்.

இந்த வருடம் சேர்க்கைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் அந்த 5 சதவீத இடங்களோடு வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வீட்டுப் பெரியவர்கள் பையில் வைக்காதீர்கள், மாணவரே எடுத்துக் கொடுக்கட்டும்.