60 ரூபாயா, 6 ரூபாயா?

வேலந்தாவளத்துக்காரி:
நேத்து நம்ம வாசகர் குழுவுல தென்னந்தோப்பு அண்ணன் ஒரு கணக்குப் போட்டிருந்தாரு. "400 ரூபாய் புத்தகம் வித்தா 15 சதவீதம், அதாவது 60 ரூபாய் ஏஜென்ட்டுக்குப் போயிரும், எழுதுனவங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சாது"ன்னு. படிச்சதுலருந்து மனசு ஆறல. ஏஜென்ட்னா எழுதுனவங்களுக்காகப் பதிப்பகத்துக்கிட்டப் பேசி புத்தகத்தை விக்கற ஆள். அந்த 15 சதவீதம் புத்தக விலையில இல்லீங்ண்ணா, புத்தகம் விக்கறதுல எழுதுனவளுக்குன்னு எனக்கு வர்ற பங்குல, அதாவது ராயல்டியில. என் ஒப்பந்தத்துல ராயல்டி 10 சதவீதம். 400க்கு 40 ரூபாய். அதுல 15 சதவீதம்னா 6 ரூபாய். மீதி 34 எனக்கு.

என் இங்கிலீசு நாவலுக்கு ஏஜென்ட் எப்படிக் கிடைச்சாங்கன்னும் சொல்லிடறேன், ஏன்னா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. முதல் நாவல்னா முழுசா எழுதி முடிச்சிருக்கணும், பாதி நாவலை யாரும் தொடமாட்டாங்க. ஒரு பக்கத்துல கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூணு அத்தியாயம். 27 பேருக்கு அனுப்புனேன். முதல் 12 பேருக்கு ஒரே கடிதத்தைத்தான் அனுப்புனேன், ஒருத்தர் கூட பதில் போடல. அப்புறந்தான் யார் எந்த மாதிரிப் புத்தகம் எடுக்கறாங்கன்னு தேடித் தேடிப் படிச்சு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதுனேன். மொத்தத்துல 19 பேர் மௌனம், 6 பேர் மறுப்பு, 2 பேர் முழு நாவலையும் கேட்டாங்க. அதுல ஒருத்தர்தான் இப்ப என் ஏஜென்ட். ஒரு வருசம் ஆச்சு. இன்னிவரைக்கும் என் கையிலருந்து ஒரு பைசா வாங்கல.

தென்னந்தோப்பு:
கண்ணு, 15 சதவீதம்னா 15 சதவீதந்தான். பொள்ளாச்சி சந்தையில 30 வருசமா துண்டுக்குள்ள விரல் புடிச்சு மாடு வாங்கறவன் நானு. தரகு மாட்டு வெலையிலதான். வித்தவனோட லாபத்தைக் கேட்டா தரகன் வாங்கறான்? 60 ரூவா.

வேலந்தாவளத்துக்காரி:
அண்ணா, மாட்டுத் தரகர் வாங்கறவர்கிட்டயும் வாங்குவாரு, விக்கறவர்கிட்டயும் வாங்குவாரு. இவங்க என் பக்கத்து ஆள் மட்டுந்தான். பதிப்பகத்துக்கிட்ட எனக்காகப் பேசறாங்க. எனக்கு எவ்வளவு கூட வருதோ அவ்வளவுதான் அவங்களுக்கும் கூடும். 6 ரூபாய்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் வாசிப்புக் கட்டணம் என்று 8,000 ரூபாய் வாங்கினார். அதன்பிறகு போனையே எடுக்கவில்லை. அந்தக் கவிதைகளை இன்றுவரை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதனால் 60ஆ 6ஆ என்று நீங்கள் அடித்துக்கொள்வதே எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேலந்தாவளத்துக்காரி:
டீச்சர், அவரு ஏஜென்ட்டே இல்லீங்க. அமெரிக்காவுல ஏஜென்ட்டுக சங்கத்து நெறிமுறையிலயே வாசிப்புக் கட்டணம் வாங்கக்கூடாதுன்னு இருக்கு. புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு வித்தாத்தான் ஏஜென்ட்டுக்கு வரும்படி. முன்கூட்டிப் பணம் கேட்டாலே எந்திரிச்சு வந்திரணும். உங்க 8,000 போனதுக்கு எனக்கும் வருத்தந்தான், ஆனா அதை வெச்சு எல்லாரையும் ஒரே தட்டுல போடாதீங்க.

சோகநாசினிக் கரை:
நல்லா எழுதினால் ஏஜென்ட் தேடி வருவார். அருந்ததி ராய்க்கு லண்டனிலிருந்து டேவிட் காட்வின் விமானம் ஏறி வந்தார். அவரது முதல் நாவலுக்கு 1997ல் புக்கர் பரிசு. கதை நடப்பது நம்ம கேரளத்து அய்மனத்தில். அவர் 27 கடிதமா போட்டார்?

வேலந்தாவளத்துக்காரி:
அந்தக் கையெழுத்துப் பிரதி தானா லண்டன் போய்ச் சேரல. இங்க ஹார்ப்பர்காலின்ஸ்ல இருந்த பங்கஜ் மிஸ்ரா படிச்சுட்டு அங்க அனுப்பி வெச்சாரு. நடுவுல ஒரு ஆள் இருந்தாரு. எனக்கு அப்படி ஆள் இல்ல. எங்கப்பா வண்ணாமடையில கள்ளு எறக்குனவரு. அதான் 27 கடிதம்.

சோகநாசினிக் கரை:
அப்பா கள்ளு இறக்கிய கதையை ஆங்கிலத்தில் எதற்கு எழுத வேண்டும்? நம்ம பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்காக எத்தனை பேர் போராடியிருக்கிறோம்! தமிழில் எழுதியிருந்தால் நேராகப் பதிப்பாளர் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஏஜென்ட்டே வேண்டாம்.

வேலந்தாவளத்துக்காரி:
தமிழ்ல ஏஜென்ட் இல்லாமயே புத்தகம் வருது, வாஸ்தவம். ஆனா ஒப்பந்தமே இல்லாமயும் வருதே, அதை ஏன் சொல்லமாட்டேங்கறீங்க? மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, சினிமா உரிமை யாருக்குன்னு எழுதாமயே எத்தனை பேர் புத்தகத்தைக் கொடுத்திருக்காங்க. இங்கிலீசு நான் பாலக்காட்டு காலேஜ்ல கஷ்டப்பட்டுப் படிச்சது. அதுல எழுதுனதுக்கு உங்க அனுமதி வேணுமா? போன வருசம் நூலக விழாவுல உள்ளூர் எழுத்தாளர்னு எல்லாரையும் கூப்பிட்டீங்க. என்னைக் கூப்பிடல. காரணம் இப்பத்தான் புரியுது.

சோகநாசினிக் கரை:
அது விழாக்குழு எடுத்த முடிவு. என்னை இழுக்க வேண்டாம்.

மீனாட்சிபுரம் டீச்சர்:
விழாக்குழுவில் நீங்களும் இருந்தீர்கள் சார்.

தென்னந்தோப்பு:
விழாவை உடுங்க. பதிப்பகம் பணத்தை முதல்ல யாருக்கு அனுப்புது? ஏஜென்ட்டுக்குத்தானே?

வேலந்தாவளத்துக்காரி:
ஆமாங்ண்ணா. அவங்க கணக்குக்குப் போயி, 15 சதவீதத்தைக் கழிச்சுட்டு எனக்கு வருது. ஒப்பந்தத்துலயே அப்படித்தான் இருக்கு. புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே பதிப்பகம் தர்ற முன்பணத்துலயும் அதே கணக்கு. வெளிநாட்டு உரிமை வித்தா 20 சதவீதம், ஏன்னா அந்த ஊர்ல ஒரு துணை ஏஜென்ட்டும் இருப்பாரு.

தென்னந்தோப்பு:
பாத்துக்கங்க, இப்ப 20 ஆயிருச்சு! 400க்கு 80 ரூவா.

வேலந்தாவளத்துக்காரி:
ராயல்டியில 20 சதவீதம்! 40 ரூபாய் ராயல்டின்னா 8 ரூபாய்! எத்தனை தடவைங்ண்ணா சொல்றது? ஒப்பந்தத்துல அந்தப் பக்கத்தைப் படம் புடிச்சுப் போடறேன், படிச்சுட்டு வந்து பேசுங்க.

தென்னந்தோப்பு:
படத்தையெல்லாம் நம்பமாட்டேன். ஞாயித்துக்கெழம கொழிஞ்சாம்பாறைக்குக் காயிதத்தோட வா கண்ணு. டீக்கடையில உக்காந்து நானே கூட்டிப் பாக்கறேன்.

வேலந்தாவளத்துக்காரி:
வர்றேன். ஆனா நீங்க போட்ட அந்த 60 ரூபாய்க் கணக்கை இன்னிக்கு ராத்திரியே எடுத்தாகணும்.

தென்னந்தோப்பு:
எடுக்கமாட்டேன்.