‘பென்ஹோல்டர்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சிறிய நாடுகளின் ராஜதந்திரம் தொடர்பான சொற்பட்டியலில் ‘பென்ஹோல்டர்’ இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு விவகாரத்துக்கான தீர்மான வரைவை எழுதி, மற்றவர்களின் திருத்தங்களைப் பேசி முடித்து, வாக்கெடுப்பு வரை கொண்டுசெல்லும் உறுப்பு நாட்டுக்கு இந்தப் பெயர். செய்திகளில் ‘தீர்மானத்தைக் கொண்டுவந்த நாடு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. தீர்மானத்தை முன்வைப்பது ஒரு நாள் வேலை. வரைவைக் கையில் வைத்திருப்பது வாரக்கணக்கில், சில விவகாரங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும்.

என் பரிந்துரை ‘எழுதுகோல் நாடு’. மூலச்சொல்லின் படிமமும் நிற்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

- - -

> என் பரிந்துரை ‘எழுதுகோல் நாடு’.

ஐயா, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதல்முறை படிப்பவருக்குப் பிறர் சொல்வதை எழுதிக்கொடுக்கும் நாடு என்றே தோன்றும். நடப்பது அதற்கு நேர்மாறு.

வேலை நடக்கும் வரிசையைப் பாருங்கள். முதல் வரைவு 15 உறுப்பினர்களுக்கும் போகிறது. துறை அறிந்த அதிகாரிகள் வரிவரியாகப் பேசுகிறார்கள். வந்த திருத்தங்களில் எதை ஏற்பது, எதை மழுப்புவது, எதை விடுவது என்பதை வரைவை வைத்திருக்கும் நாடு தீர்மானித்துப் புதிய படியை அனுப்புகிறது. பிறகு ஒரு கெடு: அதற்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் வாசகம் ஏற்கப்பட்டதாகக் கொள்வார்கள். யாராவது மறுத்தால் மீண்டும் பேச்சு. கடைசியில் வாசகத்தை ‘நீலத்தில்’ வைப்பார்கள். வாக்கெடுப்புக்குத் தயார் என்பதற்கு அந்த அவையின் வழக்கு அது. நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும், நிரந்தர உறுப்பினர் ஐவரில் ஒருவரும் எதிர்த்து வாக்களிக்கக் கூடாது.

இந்தச் சங்கிலியில் சிறிய நாட்டுக்குப் பிடி கிடைக்கும் இடம் ‘எதை விடுவது’ என்ற அந்த ஒரு கட்டம்தான். 2023 அக்டோபரில் காசா குறித்து நான்கு வரைவுகள் தோற்றன. நவம்பர் 15 அன்று சிறிய தீவு நாடான மால்ட்டா எழுதிய 2712ஆம் தீர்மானம் நிறைவேறியது: ஆதரவு 12, எதிர்ப்பு இல்லை, அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. மால்ட்டா குழந்தைகளை வாசகத்தின் நடுவில் வைத்தது. ‘போர்நிறுத்தம்’ என்ற சொல்லைத் தவிர்த்து, மனிதநேய இடைநிறுத்தங்கள் ‘போதுமான எண்ணிக்கையிலான நாட்களுக்கு’ வேண்டும் என்றது. வினைச்சொற்களையும் அளந்து போட்டது: சர்வதேசச் சட்டத்துக்கு எல்லாத் தரப்பும் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு ‘கோருகிறது’ என்ற வலுவான வினை, இடைநிறுத்தத்துக்கு ‘அழைப்பு விடுக்கிறது’ என்ற மென்மையான வினை. இப்படி ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டதில்தான் அந்த நாட்டின் செல்வாக்கு இருந்தது. அங்கே மொத்தமே ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர்தான், ஒரு நகரத்தின் மக்கள்தொகை. படைபலம் என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே நம் சொல்லில் ‘வரைவு’ இருந்தாக வேண்டும். (சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு ‘வரைவு’ என்றால் திருமணம் நினைவுக்கு வரும், இன்றைய அலுவல் வழக்கில் குழப்பம் இராது.) ‘வரைவாளர்’ கட்டட, இயந்திரப் படம் வரைபவருக்குப் போய்விட்டது. ‘வரைவுரிமை நாடு’ என்பதை உறுதியாக எதிர்க்கிறேன். இந்த ஏற்பாடு ஐ.நா. சாசனத்தில் இல்லை, அவையின் நடைமுறை விதிகளிலும் இல்லை, வெறும் பழக்கம். எந்த உறுப்பினரும் இந்தப் பணியை ஏற்கலாம் என்று 2014இல் வந்த அவைத் தலைவரின் குறிப்பே சொல்கிறது. இருந்தும் பெரும்பாலான விவகாரங்கள் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் கையில்தான். ‘உரிமை’ என்று நாமே எழுதினால் அந்தப் பழக்கத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்ததாகிவிடும்.

என் பரிந்துரை: ‘வரைவுப் பொறுப்பு’, அதை ஏற்கும் நாடு ‘வரைவுப் பொறுப்பாளர்’.

- - -

> ‘வரைவுப் பொறுப்பு’

உரிமை பற்றிய வாதம் சரி அம்மா, ‘எழுதுகோல்’ பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பொறுப்பு ஒரு நாட்டிடம் மட்டும் இருப்பதில்லை. சிரியாவுக்கான நிவாரண விவகாரத்தில் 2014இல் ஆஸ்திரேலியா, ஜோர்டான், லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்து எழுதின. பிப்ரவரியில் வந்த 2139ஆம் தீர்மானம் நிவாரணத்துக்கு வழிவிடச் சொன்னது, டமாஸ்கஸ் அசையவில்லை. ஜூலையில் வந்த 2165, நான்கு எல்லைக் கடவைகளைப் பெயர் சொல்லிக் குறித்தது. அவற்றின் வழியே செல்லச் சிரிய அரசின் ஒப்புதல் வேண்டாம், அறிவிப்பு போதும் என்றது. ‘ஒப்புதல்’ போய் ‘அறிவிப்பு’ வந்த அந்த ஒரு மாற்றத்தால் லாரிகள் எல்லை தாண்டின. அந்த வாசகம் ஒருமனதாக நிறைவேறியது.

பின்னால் நடந்ததையும் பயன்பாட்டுக் குறிப்பில் சேர்க்க வேண்டும். 2019 டிசம்பரில் பெல்ஜியம், ஜெர்மனி, குவைத் எழுதிய வரைவை ரஷ்யாவும் சீனாவும் தடுத்தன. அடுத்த மாதம் கடவைகள் நான்கிலிருந்து இரண்டாயின, பிறகு ஒன்று. 2021இல் அயர்லாந்தும் நார்வேயும் இரண்டு கடவைகள் கேட்டுத் தொடங்கி ஒன்றோடு முடித்தன. கடைசிப் பேரம் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே முடிந்தது. எனவே விளக்கத்தில் ‘வரைவின் மேல் அதிகாரம் கொண்ட நாடு’ என்று எழுதக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கு இரண்டே ஆண்டுதான் என்பதும் இடம்பெற வேண்டும். வேலை பழகுவதற்குள் இடம் போய்விடும்.

பதிவை இப்படி அமைக்கலாம்:

வரைவுப் பொறுப்பாளர் – பாதுகாப்பு அவையில் குறிப்பிட்ட ஒரு விவகாரத்தின் தீர்மான வரைவைத் தொடங்கி, அதன் மீதான பேச்சை நடத்தும் உறுப்பு நாடு. பலர் சேர்ந்தால் ‘இணை வரைவுப் பொறுப்பாளர்கள்’. வினை: ‘வரைவுப் பொறுப்பேற்றல்’.

இன்னொன்று மிச்சம். கெடுவுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்பு என்ற நடைமுறைக்கு ‘மௌன ஒப்புதல்’ என்று எழுதி வருகிறோம். மௌனம் சம்மதம் என்ற வழக்குக்கு அது பொருந்துகிறது. ஆனால் ஒரு நாடு ‘மௌனத்தைக் கலைத்தது’ என்றால் தமிழில் அது ஏதோ அறிக்கை விட்டதாகத்தான் தொனிக்கிறது. ‘கெடுவுக்குள் மறுத்தது’ என்று எழுதினால் தெளிவு. அப்படியானால் நடைமுறைக்கும் ‘மறுப்புக் கெடு’ என்றே பெயர் வைத்துவிடலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் இரண்டையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுவேன்.