'பௌட்லரைஸ்' என்பதை இடக்கரடக்கல் என்று எழுதலாமா?

கேள்வி:
ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன், அதில் 'பௌட்லரைஸ்' என்ற ஆங்கிலச் சொல் நாலைந்து இடத்தில் வருகிறது. ஆபாசம் என்று பட்டதை வெட்டுவது என்ற அளவுக்குப் புரிகிறது. இடக்கரடக்கல் என்று போடலாமா? வெறும் தணிக்கை என்றால் ஏதோ குறைகிறது.

பதில் 1:
இடக்கரடக்கல் வேண்டாங்க. நன்னூல் அதைத் தகுதி வழக்கில் சேர்க்கிறது. சபையில் சொல்லக் கூசுவதைப் பேசுகிறவரே வேறு சொல்லால் சொல்வது, மலம் கழுவி வந்ததைக் 'கால் கழுவி வந்தான்' என்பது மாதிரி. அதில் யாருக்கும் நட்டமில்லை. இதுவோ அடுத்தவர் எழுத்தில் கைவைப்பது. தாமஸ் பௌட்லர் என்ற ஆங்கிலேயர், குடும்பத்தோடு உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்கத் தகாதவை என்று பட்டதையெல்லாம் ஷேக்ஸ்பியரிலிருந்து நீக்கி 1818-இல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார், அவர் பேரிலிருந்து வந்த சொல். 1807-இல் வந்த முதல் பதிப்பில் வெட்டுவேலை பார்த்தது அவருடைய அக்கா ஹென்றியேட்டா, ஆனால் புத்தகத்தில் அவர் பேரே இல்லை. பின்னால் 1865-இல் பல்ஃபிஞ்ச் சகோதரர்கள் இதே வழியில் கொண்டுவந்த பதிப்பில், அரசனைக் கொல்லத் தூண்டிய லேடி மக்பெத் தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய்த்துத் தேய்த்து 'பாழாய்ப்போன கறையே, போ' என்று புலம்புகிற இடம், 'செந்நிறக் கறையே, போ' ஆயிற்று. அந்த நிலையில் இருப்பவள் நிறம் பார்த்தா பேசுவாள்?

பதில் 2:
நம் பக்கத்திலும் நடந்ததுதான். தஞ்சை மராட்டியர் அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியம் 1887-இல் அச்சானபோது சில பாடல்களை எடுத்துவிட்டார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து 1910-இல் முழுசாகப் பதிப்பித்தார், ஆபாசம் என்று அதற்கு அரசு தடை போட்டது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஒரு பெண் துணிந்து எழுதியதை இன்னொரு பெண் துணிந்து மீட்டார் என்பது எனக்கு எப்போதும் பெரிய விஷயம்.

கேள்வி கேட்டவர்:
அருமை. அப்போ என்னதான் போடுவது?

பதில் 1:
தணிக்கை என்றால் அரசாங்கம் நினைவுக்கு வரும். பௌட்லரிடம் அதிகாரம் எதுவும் கிடையாது, ஷேக்ஸ்பியர் மேல் பக்தி உள்ளவர், நல்லது செய்வதாகவே நம்பினார். அதனால் முதல் இடத்தில் 'ஒழுக்கத்தின் பேரில் சிதைப்பது' என்று விரித்து எழுதுங்கள், அப்புறம் வரும் இடங்களில் 'கத்தரி போட்டார்' போதும்.