பதிப்பாசிரியர் என்று சொல்பவர் மேலும் பணம் கேட்கிறார்: கட்டலாமா?

யீஷூன் ஆசிரியை:

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த 16 சிறுகதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு மாதங்களுக்கு முன், ஃபேஸ்புக்கில் என் கதையைப் படித்ததாகச் சொல்லி ஒருவர் வாட்ஸ்அப்பில் தொடர்புகொண்டு, தாம் ஒரு பெரிய பன்னாட்டுப் பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவில் இருப்பதாகக் கூறினார். கதைகளை அனுப்பிய மூன்றாம் நாளே தொகுப்பு தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. முன்பணமாக 1,400 சிங்கப்பூர் வெள்ளியைப் பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்பினேன். பெறுபவர் பெயராகத் தனிமனிதர் ஒருவரின் பெயர் வந்தது அப்போதே உறுத்தியது, ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

இப்போது பதிப்புரிமைப் பதிவுக்கு 650 வெள்ளியும் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணுக்கு 300 வெள்ளியும் வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும் என்கிறார். அட்டைப்படமும் வந்திருக்கிறது. அதில் என் பெயரைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

தெம்பனிஸ் வாசகர்:

அம்மா, இனி ஒரு காசும் அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் நடைமுறையே கிடையாது. கதையை எழுத்தில் வடித்தவுடன் உரிமை தானாகவே உங்களுக்கு உண்டாகிவிடுகிறது. அது உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே அந்த 650 வெள்ளி, இல்லாத ஒன்றுக்குக் கேட்கப்படும் கட்டணம். இங்குள்ள பதிப்பாளர்களுக்கும், சொந்தமாக நூல் வெளியிடுபவர்களுக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை வழங்குவது தேசிய நூலக வாரியம்.

அட்டையின் பின்புறத்தில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண் இருக்கிறதா? இருந்தால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இடமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 3, 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால், வரும் தொகை பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். சிங்கப்பூர் எண்கள் பெரும்பாலும் 978-981 என்றும், இந்திய எண்கள் 978-81 அல்லது 978-93 என்றும் தொடங்கும்.

யீஷூன் ஆசிரியை:

எண் 978-981 என்றுதான் தொடங்குகிறது, ஐயா. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறையும் 117 வந்தது.

தெம்பனிஸ் வாசகர்:

அப்படியானால் அந்த எண் எவராலும் முறையாக வழங்கப்பட்டதாக இருக்க முடியாது. உடனே உங்கள் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவை அழைத்துப் பணம் சென்ற கணக்கைத் தெரிவியுங்கள். ஐயம் இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் திரைப்பிடிகளாகச் சேமித்து வையுங்கள்.

ஜூரோங் எழுத்தாளர்:

அக்கா, என் இரண்டு நூல்கள் சென்னையில் அச்சாகின. எனவே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது என்று மேலை நாடுகளில் சொல்வார்கள். அதை அப்படியே நம் சூழலில் பொருத்தினால், நேர்மையான சிறு பதிப்பகங்களையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல நேரிடும். தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புக்கு விற்பனை குறைவு என்பதால், எழுத்தாளரே 200 அல்லது 300 பிரதிகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதில் தவறில்லை. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது எழுத்தில் இருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி.

முதல் நூலில் எதையும் எழுதி வாங்காமல் நான் தவறு செய்தேன். ஆயிரம் பிரதிகள் அச்சாகும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். என் கைக்கு வந்தவை 150. மீதி கடைகளில் இருப்பதாகச் சொன்னார்கள், ஆனால் எந்தக் கடை என்று கடைசிவரை சொல்லவில்லை. நூலின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பியபோது "உரிமை: பதிப்பகத்தார்க்கு" என்று இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நூலுக்கு, எத்தனை பிரதிகள், எந்த அச்சகம், பக்க வடிவமைப்புக்கும் மெய்ப்புத் திருத்தத்துக்கும் தனித்தனியாக எவ்வளவு, விற்பனையில் எனக்கான உரிமத்தொகை எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு உரிமை என்னிடம் திரும்பும் என்பவற்றையெல்லாம் எழுதி வாங்கிய பிறகே பணம் அனுப்பினேன். அதையும் மூன்று தவணைகளாக, கடைசித் தவணையைப் பிரதிகள் வந்த பிறகு.

உள்ளூர் நிறுவனம் என்றால், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயரைத் தேடலாம். இங்கே வெளியாகும் ஒவ்வொரு நூலின் 2 பிரதிகளையும் 4 வாரங்களுக்குள் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒரு பதிப்பகம் இதுவரை என்ன வெளியிட்டிருக்கிறது என்பதை நூலகப் பட்டியலிலேயே பார்த்துவிடலாம். பிறகு அந்த நூல்களின் ஆசிரியர்களில் இருவரையாவது விசாரியுங்கள். பதிவுபெற்ற உள்ளூர் நிறுவனம் ஒப்பந்தத்தை மீறினால், 20,000 வெள்ளி வரையிலான வழக்கை, 2 ஆண்டுகளுக்குள், வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் தொடுக்கலாம். முகவரியே தெரியாதவர் மீது அது பயன்படாது என்பதுதான் வருத்தம்.

புக்கிட் பாத்தோக் மெய்ப்பாளர்:

உங்களை மட்டும் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், அம்மா. அமெரிக்காவில் இதே வகையில் 800க்கும் மேற்பட்ட எழுத்தாளர்களிடம், பெரும்பாலும் முதியவர்களிடம், 4 கோடியே 40 லட்சம் டாலர் பறித்ததாக 2025 ஜனவரியில் அரசு வழக்கறிஞர்கள் குற்றச்சாட்டை வெளியிட்டார்கள். திரைப்பட உரிமை வாங்கித் தருவதாகச் சொல்லி அதற்கும் கட்டணம் கேட்பது அங்கே வழக்கமாக இருந்தது. இன்னொன்றையும் எதிர்பாருங்கள்: இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லிச் சில வாரங்களில் வேறொருவர் அழைக்கக்கூடும். அவருக்கும் கட்டணம் கொடுக்காதீர்கள்.

யீஷூன் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. வங்கியிடம் பேசிவிட்டேன்; பணம் திரும்பும் என்று உறுதி சொல்லவில்லை. இன்று காலை அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தாயிற்று. அந்த எண் தவறானது என்று அவருக்கு எழுதியபோது, பத்து நிமிடங்களில் என்னைத் தடை செய்துவிட்டார். கதைகளை அனுப்பிய மின்னஞ்சலையும் பழைய கையெழுத்து நோட்டுகளையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஜூரோங் தம்பி, உங்கள் இரண்டாம் ஒப்பந்தத்தில் உரிமை திரும்புவதைப் பற்றிய வரியை மட்டும் இங்கே எழுதிக் காட்ட முடியுமா?

ஜூரோங் எழுத்தாளர்:

காட்டுகிறேன், அக்கா: "இந்நூலின் பதிப்புரிமை முழுவதும் ஆசிரியருக்கே உரியது, அச்சிட்டு விற்கும் உரிமை மட்டும் 3 ஆண்டுகளுக்குப் பதிப்பகத்துக்கு வழங்கப்படுகிறது, அக்காலம் முடிந்ததும் வேறு அறிவிப்பு இன்றி அவ்வுரிமை ஆசிரியரிடம் திரும்பும்."