கராகே வெளியே கருகுகிறது, உள்ளே வேகவில்லை. சனிக்கிழமைக்குள் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

நிஷிகசாய்_அம்மா | திங்கள் இரவு

வணக்கம். நாங்கள் இருப்பது ஜப்பானில். சனிக்கிழமை மகனுக்குப் பள்ளியில் விளையாட்டு விழா. மற்ற நாள்களில் பள்ளியிலேயே சாப்பாடு போட்டுவிடுகிறார்கள். அன்று மட்டும் வீட்டிலிருந்து பெந்தோ (டப்பாச் சாப்பாடு) கட்டிக்கொடுக்க வேண்டும். அவன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கராகே, இங்கத்திய பொரித்த கோழி. இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டேன், இரண்டும் வீணாகிவிட்டன.

தோலோடு தொடைக்கறி 500 கிராம். சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, மிரின் (இனிப்பான சமையல் மது) 3 மேசைக்கரண்டி, துருவிய இஞ்சியும் பூண்டும் தாராளமாக. சிக்கன் 65-க்குச் செய்வதுபோல முதல் நாள் இரவே ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்து, அந்தப் பாத்திரத்திலேயே கடகுரிகோவை (உருளைக்கிழங்கு மாவு) கொட்டிப் பிசறி, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போட்டேன்.

இரண்டே நிமிடத்தில் கறுத்துவிட்டது. வெட்டினால் நடுவில் இளஞ்சிவப்பு. தோல் பக்கத்து மாவு பிரிந்து எண்ணெயில் மிதக்கிறது. லேசான கசப்பு. ஆறியதும் மெத்துமெத்தென்று ஆகிவிடுகிறது. தப்பு எங்கே?

பெப்புவாசி | திங்கள் இரவு

அக்கா, மூன்று விவரம் சொல்லுங்கள். துண்டு எவ்வளவு பெரிது? ஒரு ஈட்டுக்கு எத்தனை போடுகிறீர்கள்? அடுப்பு எது, சட்டி எது?

நிஷிகசாய்_அம்மா

ஒவ்வொன்றும் 6 செ.மீ. இருக்கும். ஒரு ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு. கேஸ் அடுப்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த குழிவான இரும்புச் சட்டி.

பெப்புவாசி | செவ்வாய் காலை

நான் இருப்பது ஓயிட்டா மாநிலம். பக்கத்தில் இருக்கிற நகாட்சு, உசா இரண்டு ஊரும் கராகேக்குப் பேர்போனவை. கடைகளில் 100 கிராம் இவ்வளவு என்று எடை போட்டு விற்பார்கள். படிக்கும்போது அப்படி ஒரு கடையில் பகுதிநேர வேலை பார்த்தேன். அங்கே கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

கறுப்புக்கும் கசப்புக்கும் முதல் காரணம் மிரின். அசல் மிரினில் 100 கிராமுக்கு 40 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. இரவு முழுக்க ஊறினால் அது கறியின் மேல் ஒட்டிக்கொண்டு, எண்ணெயில் விழுந்ததும் கருகும். துருவலாக ஒட்டியிருக்கும் பூண்டும் அப்படித்தான். சிக்கன் 65-ஐத் தயிரில் இரவு முழுக்க ஊறவைக்கலாம். இங்கே சோயா சாஸின் உப்பு கறியிலிருந்து நீரை இழுத்துவிடும். 30 நிமிடம் போதும். 500 கிராமுக்கு சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, சாகே (அரிசி மது) 1 மேசைக்கரண்டி, இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, ஒரு பல் பூண்டு. மிரின் வேண்டாம்.

மாவு பிரிவது ஈரத்தால். ஊறவைத்த பாத்திரத்திலேயே மாவைக் கொட்டினால் அது பசையாகிவிடும். கறியை எடுத்து வடித்து, கிச்சன் டிஷ்யூவால் ஒற்றி, தனித்தட்டில் இருக்கும் மாவில் புரட்டி, உதறிவிட்டு உடனே எண்ணெயில் போடுங்கள். தோலை வெளிப்பக்கமாக இழுத்துக் கறியைச் சுற்றிவிட்டால் உருண்டையாக வரும். போட்டதும் கிளறக் கூடாது. ஒரு நிமிடமாவது அப்படியே விடுங்கள், மாவு பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்தது சூடு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியை 15 நிமிடம் வெளியே வையுங்கள். துண்டை 4 செ.மீ. ஆக்குங்கள். ஒரு ஈட்டுக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். பொரிப்பதை இரண்டு தடவையாகப் பிரியுங்கள். முதலில் 160-170 டிகிரியில் 3 நிமிடம். எடுத்து வடிதட்டில் 4 நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு 190 டிகிரியில் ஒரு நிமிடம். அந்த 4 நிமிடத்தில்தான் மேலே இருக்கும் சூடு நடுவுக்குப் போய் உள்ளே வேகிறது. உள்ளிருந்து வரும் ஈரம் மாவில் ஏறும், இரண்டாம் தடவை அதை விரட்டிவிடும். இந்த ஆறவிடுதலை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், கடையில் அதற்கென்றே கடிகாரம் வைத்திருந்தோம்.

வெப்பமானி இல்லையென்றால் ஈரமில்லாத மரக் குச்சியை எண்ணெயில் விடுங்கள். நுனியிலிருந்து சின்னக் குமிழி மெதுவாக வந்தால் 160-170. குச்சி முழுக்கச் சடசடவென்று குமிழி வந்தால் 180-க்கு மேல்.

கோபே_குடும்பம் | செவ்வாய் மதியம்

நாங்கள் ஆல்கஹால் சேர்ப்பதில்லை. சாகே இல்லாமல் வருமா?

பெப்புவாசி

வரும். இஞ்சிச் சாற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள், கறி வாடை போய்விடும். மிரினிலும் ஆல்கஹால் உண்டு. இங்கே விற்கும் பல சோயா சாஸ்களிலும் கெடாமல் இருக்கச் சேர்த்திருப்பார்கள், ஹலால் என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

சப்போரோ_அண்ணாச்சி | செவ்வாய் இரவு

தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று விட்டுவிட்டார். தங்கச்சி, உங்கள் அடுப்பில் 'ஆகேமோனோ' (பொரிப்பது) என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா பாருங்கள். 2008 அக்டோபர் முதல் இங்கே விற்கும் வீட்டு கேஸ் அடுப்புகளில், ஒற்றை பர்னர் அடுப்பு தவிர, பர்னர் நடுவே சூடறியும் சென்சார் கட்டாயம். பல மாடல்களில் அதை வைத்தே எண்ணெயின் சூட்டை 160, 180 என்று நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது சட்டியின் அடியை ஒட்டியிருந்தால்தான் சரியாக அளக்கும். குழிவான சட்டியில் ஏமாந்துவிடும். தட்டையான அடி இருக்கிற பாத்திரத்துக்கு மாறுங்கள்.

மாவில் மட்டும் எனக்குக் கருத்து வேறு. கடகுரிகோ மட்டும் போட்டால் சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு அருமை. ஆறவைத்துச் சாப்பிடும் பெந்தோவுக்குப் பாதி கோதுமை மாவு கலப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஹொக்கைடோ பக்கம் கராகேயை ஸாங்கி என்பார்கள், மசாலா இன்னும் தூக்கலாக இருக்கும்.

மிரின் போட்டே தீர வேண்டும் என்றால் அதற்குத் தனியாகத் தத்சுதா ஆகே இருக்கிறது. சோயாவும் மிரினும் சேர்த்து ஊறவைத்து, கடகுரிகோ மட்டும் புரட்டி, குறைந்த சூட்டில் பொரிப்பது. செந்நிறத்தில் அங்கங்கே வெள்ளை தெரியும். நாராவில் இலையுதிர்காலச் செவ்விலைகள் மிதக்கும் தத்சுதா ஆற்றை வைத்து வந்த பெயர் என்பார்கள்.

நிஷிகசாய்_அம்மா | வியாழன் இரவு

பொத்தான் இருக்கிறது! மூன்று வருடமாக அந்த அடுப்பில் சமைக்கிறேன், அது எதற்கென்று இன்றுதான் தெரிந்தது. தட்டை அடிப் பாத்திரத்தில் முதலில் 160, ஆறவிட்டு, அடுத்து 190. பொன்னிறமாக வந்தது, மாவு ஒரு துண்டில்கூடப் பிரியவில்லை. கசப்பும் இல்லை. மகன் நின்றுகொண்டே ஆறு துண்டு சாப்பிட்டான்.

ஒரு துண்டில் மட்டும் நடுவில் லேசான சிவப்பு தெரிந்தது. பிள்ளைகள் சாப்பாடு என்பதால் பயமாக இருக்கிறது.

சப்போரோ_அண்ணாச்சி

பயப்பட வேண்டியதுதான், அதில் சமாதானமே கிடையாது. நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சுகாதார அமைச்சகம் சொல்லும் அளவு. குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஈட்டிலும் பெரிய துண்டைக் குத்திப் பாருங்கள். குறைந்தால் அந்த ஈடு முழுவதையும் இன்னும் ஒரு நிமிடம் பொரியுங்கள்.

பெப்புவாசி

டப்பாவில் அடைப்பதற்கு முன் வடிதட்டில் முழுக்க ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கோத்து மாவெல்லாம் நனைந்துவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். எலுமிச்சையைப் பிழியாமல் துண்டாகத் தனியே வையுங்கள்.

நிஷிகசாய்_அம்மா | சனி இரவு

காலை 5 மணிக்கு எழுந்து செய்தேன். கோதுமை மாவும் கடகுரிகோவும் பாதிப் பாதி. குத்திப் பார்த்ததில் 82 டிகிரி. மதியம் திறந்தபோது மொறுமொறுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் மெத்தென்று ஆகவில்லை. பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த குடும்பத்தோடு தமாகோயாகிக்கு (சுருட்டிய முட்டை ஆம்லெட்) மாற்றிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

மீந்த எண்ணெயை என்ன செய்வது? சிங்க்கில் ஊற்ற மனம் வரவில்லை.

சப்போரோ_அண்ணாச்சி

ஊற்றவே கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். தெளிவாக இருந்தால் வடிகட்டி மூடி வைத்து இன்னொரு தடவை பயன்படுத்துங்கள். கறுத்திருந்தால், எண்ணெயை இறுகவைக்கும் தூள் 100 யென் கடையில் கிடைக்கிறது. சூடாக இருக்கும்போதே கலந்தால் ஆறியதும் கட்டியாகிவிடும். உங்கள் வட்டாரக் குப்பை விதியைப் பார்த்துவிட்டு, எரிக்கும் குப்பையோடு போட்டுவிடலாம்.