மீன்தொட்டியில் புழு: நீங்கள் கண்டது எது, அதை எப்படி ஒழித்தீர்கள்?

செர்ரி_இறால்:
இறால் வளர்ப்பவர்களுக்குப் பிளனேரியா என்ற தட்டைப்புழுவைப் பற்றி விளக்கத் தேவையில்லை என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். செர்ரி இறால் குட்டிகள் பொரிந்த சில நாட்களிலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தன. சோதித்துப் பார்த்தால் தண்ணீரில் அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை. ஓர் இரவு, விளக்கணைத்து வெகுநேரம் ஆன பிறகு கைபேசி வெளிச்சத்தைக் கண்ணாடியில் அடித்தபோது, முக்கோணத் தலையும் அதில் மாறுகண் போல இரண்டு கரும்புள்ளிகளும் கொண்ட வெளிர் பழுப்புப் புழு ஒன்று நெளியாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதற்குச் சற்றுக் கீழே, தோலுரித்துச் சோர்ந்திருந்த குட்டி ஒன்றின் மேல் இன்னொரு புழு போர்வையாகப் படர்ந்திருந்தது. குட்டியின் கால்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. அந்தக் கால்களை இன்றுவரை மறக்க முடியவில்லை. பிளேடால் சுரண்டி எடுங்கள் என்றார் மீன்கடைக்காரர். வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளரும் உயிரினத்துக்கு இப்படி ஒரு யோசனை! பச்சை இறால் துண்டு வைத்த பொறியில் ஏராளமாகச் சிக்கின, ஆனாலும் தொட்டியில் குறைந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஃபென்பென்டசோல் என்ற குடற்புழு மருந்துதான் தீர்த்தது. இறால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கப்பி_மாடி:
என்னுடையது கமல்லானஸ், மீனின் குடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழு. புதிதாக வாங்கி வந்த பெண் கப்பியின் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல் நுனிகள் சில நீட்டிக்கொண்டிருந்தன. மீன் அசையாமல் நின்றால் அவை வெளியே நீளும். வாலை ஒருமுறை அடித்தால் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மலம் என்று நினைத்த என் மகள், "அப்பா, அது உள்ளே போகிறது" என்று சொன்னபோதுதான் குனிந்து பார்த்தேன். கோழிகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் கொடுக்கும் குடற்புழு மருந்தான லெவாமிசோலைக் கால்நடை மருந்துக் கடையில் வாங்கி, லிட்டருக்கு 2 மில்லிகிராம் கணக்கில் கலந்து, வெளிச்சத்தில் மருந்து வீரியம் இழக்கும் என்பதால் தொட்டியைத் துணியால் மூடி, ஒரு நாள் முழுவதும் விட்டேன். மருந்து அந்தப் புழுவை முடக்குகிறதே தவிர, உடனே கொல்வதில்லை. ஆகவே அடியில் விழுந்தவற்றைச் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மீன்கள் மறுபடி கொத்தித் தின்றுவிடும். அந்தப் பெண் கப்பி பிழைக்கவில்லை. மற்றவை நலமாக இருக்கின்றன. ஆயினும் அவற்றின் வயிற்றுப் பக்கத்தைப் பார்க்காமல் இப்போதெல்லாம் தீனி போட மனம் வருவதில்லை.

வைகை_தொட்டி:
முதலில் எழுதிய நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு வெள்ளைப் புழுவைக் கண்டவர்கள் எல்லாரும் ஃபென்பென்டசோலைத் தேடிப் போகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கோடையில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் ஏர் பம்ப் நின்றுபோயிருந்தது. விடிந்து பார்த்தால், மயிரிழை பருமனுள்ள வெள்ளைப் புழுக்கள் தண்ணீர் முழுவதும் எஸ் வடிவில் நெளிந்து நீந்திக்கொண்டிருந்தன. வீட்டில் தொட்டியையே தூக்கி வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான்.

அவை டெட்ரிட்டஸ் புழுக்கள். ஜல்லிக்குள் எப்போதும் இருப்பவை, தீனி மிச்சத்தையும் மீன் கழிவையும் தின்பவை, மீனுக்குத் தீங்கு செய்யாதவை. பெரும்பாலும் ஆக்சிஜன் குறைந்தால்தான் கூட்டமாக மேலே வரும். எனவே அவற்றைக் கொல்வதைவிட, அவை பெருகக் காரணமான தீனியைக் குறைப்பதே முறை. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள், வாரம் ஒருமுறை ஜல்லியைச் சைஃபனால் கிளறி உறிஞ்சுங்கள், கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். மேலே வந்தவற்றை ஃபைட்டரும் கப்பியும் விருந்தாகவே தின்றுவிடும். தலை முக்கோணமாக இருந்து கண்ணாடியில் வழுக்கிச் சென்றால் மட்டும் பிளனேரியா. உருண்டு மெலிந்து நீந்தினால் அது வேறு. மண்ணால் குழாய் போல் கூடு கட்டி அதற்குள் சிவப்பாக இருப்பது கொசுவைப் போன்ற கடிக்காத பூச்சி ஒன்றின் இளம்புழு. அதற்கும் மருந்து வேண்டாம். மேலும், சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழுக்களை உயிர்த்தீனி என்று வாங்கிப் போடும் வழக்கத்தை நம்மவர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

செர்ரி_இறால்:
ஐயா, முக்கோணத் தலை என்று நான் முதலிலேயே எழுதியிருக்கிறேன். அளவையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்ல வேண்டாம். 38 லிட்டருக்குச் சுமார் 22 மில்லிகிராம் ஃபென்பென்டசோல். நாய்களுக்கான 150 மில்லிகிராம் மாத்திரை என்றால் 100 லிட்டர் தொட்டிக்குப் பாதிகூடத் தேவையில்லை. தண்ணீரில் எளிதில் கரையாது. பொடித்து, சிறு பாட்டிலில் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். செத்த புழுக்களால் அம்மோனியா ஏறும் என்பதால் மறுநாள் தண்ணீர் மாற்றுவதும் கட்டாயம்.

நத்தை_வீடு:
அளவெல்லாம் சரிதான், ஆனால் நத்தையைப் பற்றி யாருமே பேசவில்லையே. பிளனேரியா ஒழிந்து, தண்ணீரைப் பலமுறை மாற்றி, கரித்தூளும் ஃபில்டரில் போட்டுப் பல மாதங்கள் கழித்துத்தான் நெரைட் நத்தைகளை விட்டேன். மறுநாள் ஒன்றுகூடக் கண்ணாடியைப் பிடிக்கவில்லை; மணலில் மல்லாந்து, பாதி நீண்ட பாதத்துடன் கிடந்தன. திருப்பி வைத்தால் மறுபடி கவிழ்ந்தன. தொட்டியில் தானாகப் பெருகிய கூம்புநத்தைகளோ எந்தப் பாதிப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகுதான் ஃபென்பென்டசோல் மணலில் நெடுநாள் தங்கும் என்று தெரிந்துகொண்டேன். பாக்குச் சாறு சேர்த்த பிளனேரியாப் பொடிகளும் நெரைட்டைக் கொல்லும். இயற்கைப் பொருள் என்று நம்பி அதற்கு மாறிவிட வேண்டாம். நத்தை வளர்ப்பவர்கள் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டுப் பிறகு மருந்தைத் தொடுங்கள். நான் மணல் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். அதன் பிறகு விட்ட நெரைட்டுகள் உயிரோடு இருக்கின்றன.